மூன்றாவது தபால் பெட்டி

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரியைப் படித்துவிட்டுத் தேடிக் கேட்டேன். மூன்று நாளாக வீட்டில் அதே பாட்டுதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டு என்றால் கத்திக் கதறுவது என்று நினைத்திருந்தேன். இவர் தாலாட்டு மாதிரி பாடுகிறாரே, இதுவும் ப்ளூஸ்தானா? 1928-இல் இசைத்தட்டு கொடுத்தவர் அப்புறம் 35 வருடம் வயலில் கிடந்தார் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை. ஒரு மேதையின் வாழ்க்கை வீணாகிவிட்டது, இல்லையா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

தாலாட்டு என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அவரை ப்ளூஸ்காரர் என்பது பாதிதான் பொருந்தும். அவருடைய ஊரான அவலோன், மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா சமவெளி முடிந்து மேடு தொடங்குகிற விளிம்பில் இருக்கிறது. சமவெளியின் ப்ளூஸ் பாடகர்களான சார்லி பேட்டனும் சன் ஹவுஸும் தொண்டை கிழியப் பாடினார்கள். ஹர்ட் கைவசம் கொலைக் கதைப்பாட்டு, ஆட்டப் பாட்டு, தேவாலயப் பாட்டு, ப்ளூஸ் எல்லாமே உண்டு. எல்லாவற்றையும் ஒரே நிதானத்தில் பாடுவார். பெயருக்கு முன்னால் 'மிசிசிப்பி' என்று ஒட்டியதுகூட இசைத்தட்டு கம்பெனி, வியாபாரத்துக்காக.

கிட்டார் அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு வந்து தங்கும் ஒருவர் கிட்டார் வாசிப்பார். அவர் தூங்கியதும் பையன் அதை மெல்ல எடுத்துத் தடவிப் பழகியிருக்கிறான். பிறகு அம்மா ஒன்றரை டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். வலது கட்டைவிரல் கனத்த தந்திகளில் மாறி மாறித் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேலே பாட்டைப் பேசும். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று முதலில் கேட்டபோது நானும் ஏமாந்தேன்.

1928-இல் ஓகே என்ற இசைத்தட்டு கம்பெனிக்கு அவரைச் சிபாரிசு செய்தவர் வில்லி நார்மர், அதே வட்டாரத்து வெள்ளைக்கார ஃபிடில் கலைஞர். மெம்ஃபிஸில் பெரிய கூடம், நடுவில் ஒரு நாற்காலி. மைக்கை வாய்க்கு ஒட்டிவைத்து, தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பல நாள் கழுத்து வலித்தது என்று பின்னாளில் சொன்னார். அந்த டிசம்பரில் நியூயார்க்கில் இன்னொரு பதிவு. அங்கே ஊர் நினைப்பு வந்து ஒரு பாட்டுக் கட்டினார்: அவலோன் என் ஊர், எப்போதும் என் மனசில். ஒரு பாட்டுக்குச் சுமார் 20 டாலர் கிடைத்தது. தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. அடுத்த வருடமே பொருளாதார வீழ்ச்சி. அவர் பிறர் நிலத்தில் உழுது விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வார விவசாயத்துக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது உங்கள் ஆதங்கத்துக்கு வருகிறேன். 'காணாமல் போன மேதை' என்பது நகரத்து ரசிகர்கள் கட்டிய கதை. அவர் எங்கே காணாமல் போனார்? அவலோனில்தான் இருந்தார். சனிக்கிழமை ராத்திரி அக்கம்பக்கத்து விருந்துகளில் வாசித்தார், மனைவி ஜெஸ்ஸியோடு குடும்பம் நடத்தினார். அவருக்குக் கிடைக்காமல் போனது காசு. அது சின்ன விஷயமில்லை, அதற்காகக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் தட்டு வெளிவராத வருடமெல்லாம் வீண் என்று எழுதிவிட்டால், எதிரே உட்கார்ந்து கேட்டவர்களை நாம் ஆளாகவே மதிக்கவில்லை என்று ஆகிறது.

1952-இல் ஹாரி ஸ்மித் வெளியிட்ட பழைய அமெரிக்க நாட்டார் பாடல் தொகுப்பில் ஹர்ட்டின் இரண்டு பாட்டு இடம்பெற்றது. இளைஞர்கள் தேட ஆரம்பித்தார்கள். 'அவலோன் என் ஊர்' என்ற பாட்டு வரிதான் துப்பு. புது வரைபடங்களில் அவலோன் இல்லை. ஒரு பழைய அட்லஸில், கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவில் அது இருந்தது. 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் கார் ஓட்டிக்கொண்டு போய் ஒரு கடையில் விசாரித்திருக்கிறார். மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி என்று சாவகாசமாக வழி சொன்னார்களாம்.

வாசலில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரரைப் பார்த்ததும் எஃப்.பி.ஐ. என்ற அமெரிக்கப் புலனாய்வுத் துறை ஆள் என்றே ஹர்ட் நினைத்தார். இதை வேடிக்கையாக எழுதுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து கிரீன்வுட்டில் அதே சமயம் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போனவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்துகொண்டிருந்தது. 70 வயதுக்காரர் பயப்படாமல் என்ன செய்வார்? வாஷிங்டனுக்கு வாருங்கள் என்று ஹாஸ்கின்ஸ் அழைத்ததும் கிளம்பியதில்கூட, மறுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் கொஞ்சம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்போது அவரிடம் சொந்தமாகக் கிட்டார் இல்லை. அந்த ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாடினார். பிறகு கல்லூரிகள், காபிக் கடைகள், அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்காக நீண்ட பதிவு. விழா அமைப்பு ஒரு கிட்டார் வாங்கித் தர முன்வந்தபோது, கில்ட் கம்பெனியின் அலங்காரமே இல்லாத எஃப்-30 மாடல் போதும் என்று எடுத்துக்கொண்டார். மூன்று வருடம் வாசித்தார். 1966 நவம்பர் 2-ஆம் தேதி கிரெனடாவில் காலமானார்.

ஊர் நினைப்பில் கட்டிய அந்த 'அவலோன் ப்ளூஸ்' பாட்டை 1928 பதிவில் ஒருமுறை, 1963 பதிவில் ஒருமுறை அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. குரலில் வயது தெரியும். கட்டைவிரலை மட்டும் கவனியுங்கள். 35 வருடம் சும்மா கிடந்த விரல் மாதிரியா இருக்கிறது? கேட்டுவிட்டு எழுதுங்கள்.