சாப்பிடாத அப்பாவுக்குச் சர்க்கரை ஏன் ஏறியது?

சகோதரி, இடுப்பெலும்பு அறுவைக்குப் பின் ஐந்து நாளாக அப்பா கஞ்சிகூடச் சரியாகக் குடிக்கவில்லை, சர்க்கரை நோயே இல்லாதவருக்கு 190 காட்டுகிறது என்று பதறியிருக்கிறீர்கள். இப்படி ஏறுவது உண்டு. வெறும் பட்டினியில் ஈரல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் தீரும்; பிறகு மூளை மெல்ல மெல்லக் கொழுப்பிலிருந்து கிடைக்கும் கீட்டோன் என்ற எரிபொருளுக்குப் பழகும், அதனால் தசை ஓரளவு தப்பும். காயப்பட்ட உடலோ அப்படிச் சிக்கனம் பார்ப்பதில்லை. கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் தசையைக் கரைக்கும். ஈரல் அதைக் குளுக்கோஸாக்கிக்கொண்டே இருக்கும். இன்சுலினும் சரியாக எடுபடாது. அடிபடாத காலின் தொடையைத் தொட்டுப் பாருங்கள், தொளதொளக்கத் தொடங்கியிருக்கும். எனக்குக் கவலை அந்தத் தசைதான். சர்க்கரைக்குப் பயந்து நீங்களாக உணவைக் குறைத்துவிடாதீர்கள். புரத உணவு பற்றி இன்றே மருத்துவரிடம் கேளுங்கள்; வாயால் முடியாவிட்டால் குழாய் வழியாகவும் கொடுப்பார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் கேளுங்கள், முன்பே சர்க்கரை இருந்ததா என்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.