சின்ன மோட்டார் படகு வைத்துக்கொள்ள எந்த ஏரி நல்லது? எதைப் பார்த்து முடிவு செய்வது?

சிறிய மோட்டார் படகு வாங்கப் போகிறீர்கள், வார இறுதியில் குடும்பத்தோடு சுற்றுவதற்கு. எட்டும் தூரத்தில் இரண்டு மூன்று ஏரிகள் இருக்கின்றன, எதில் துறை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக ஏரியில் படகு வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஏரியின் அழகைப் பிறகு பார்க்கலாம், முதலில் படகு கட்டும் இடத்தைப் பாருங்கள். உங்கள் படகு ஓடப்போகும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் கட்டிக் கிடக்கும். காற்றடிக்கிற ராத்திரியில் அது அங்கே தனியாகக் கிடக்கும்போது நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் விசாரிக்க வேண்டியது, தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்கும் என்பது. இயற்கை ஏரிகள் பலவற்றில் நீர்மட்டம் பெரிதாக மாறாது. அணை கட்டித் தேக்கியது என்றால் கதை வேறு. பாசனம், மின்சாரம், குடிநீர், வெள்ளத் தடுப்பு என்று அந்தத் தண்ணீருக்கு ஏற்கெனவே பல முதலாளிகள். படகுக்காரர் வரிசையில் கடைசி ஆள். அமெரிக்காவின் மீட் ஏரி இப்படித் தேக்கியதுதான். 2000இல் ஏறக்குறைய நிரம்பி இருந்தது. 2022 ஜூலைக்குள் 50 மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. படகு இறக்கும் சரிவுகளைத் தண்ணீரைத் துரத்திக்கொண்டு நீட்டிப் பார்த்தார்கள், முடியாமல் பெரும்பாலானவற்றை மூடினார்கள். உங்கள் ஏரி அந்த அளவுக்குப் போகாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் துறையில் இரண்டு மீட்டர் குறைந்தாலே படகு சேற்றில் உட்காரப் போதும்.

இதற்கு யாரையும் கேட்கக்கூட வேண்டாம். கரைப் பாறைகளிலும் பாலத் தூண்களிலும் வெளுத்த பட்டை ஒன்று தெரியும். நிறைந்திருக்கும்போது தண்ணீர் நின்ற உயரம் அது. பட்டையின் மேல்விளிம்புக்கும் இன்றைய தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். முடிந்தால் வருடத்திலேயே தண்ணீர் குறைவான மாதத்தில் ஒருமுறை போய் வாருங்கள். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்களின் கட்டைகள் அப்போதுதான் தலை காட்டும். எங்கெங்கே என்று கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறியதும் அவை கண்ணுக்குத் தெரியாது, ப்ரொப்பெல்லருக்குத் தெரியும்.

தண்ணீர் ஏறி இறங்கும் ஏரி என்றால் மிதவைத் துறைதான், வேறு யோசனையே வேண்டாம். காலூன்றிய நிலைத்துறையில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனால், மட்டம் இறங்கும்போது படகு ஒரு பக்கம் கயிற்றில் தொங்கும். ஏறினால் விளிம்பு பலகைக்கடியில் மாட்டிக்கொண்டு தண்ணீர் உள்ளே வரும். மிதவைத் துறை படகோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அதிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மிகக் குறைந்த மட்டத்தில் உங்கள் இடத்தில் ஆழம் எவ்வளவு? மோட்டாரை முழுவதும் இறக்கிய நிலையில் படகு எவ்வளவு அமிழ்கிறதோ, அதற்குக் கீழே குறைந்தது அரை மீட்டராவது இருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. காற்று தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் ஓடி வருகிறதோ அந்த அளவுக்கு அலை வளரும். மேற்குக் காற்று அதிகம் அடிக்கிற, கிழக்கு மேற்காக நீண்ட ஏரியில், கிழக்குக் கோடியில் துறை எடுத்தால் மொத்த ஏரியின் அலையும் உங்கள் படகில்தான் வந்து முடியும். ஆழமில்லாத ஏரி சாதுவானது என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேதான் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். வட அமெரிக்கப் பேரேரிகளில் ஈரி ஏரிதான் ஆழம் குறைந்தது, சராசரி 19 மீட்டர். காற்று கிளம்பினால் சீக்கிரமே கொந்தளிக்கும் என்று பெயர் வாங்கியதும் அதுதான்.

துறையில் காற்று எப்படி என்பதை அங்கே கட்டியிருக்கும் படகுகளே சொல்லிவிடும். குனிந்து ஃபெண்டர்களைப் பாருங்கள், அதாவது படகு துறையில் உரசாமலிருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் மெத்தைகளை. எல்லாப் படகிலும் ஒரே பக்கத்து ஃபெண்டர்கள் மட்டும் தேய்ந்து கறுத்து நசுங்கியிருந்தால், காற்று வருடம் முழுக்கப் படகுகளை அந்தப் பக்கமாகவே தள்ளித் துறையில் இடிக்க வைக்கிறது என்று அர்த்தம். கயிறு விளிம்பைத் தொடும் இடத்தில் பழைய ரப்பர் குழாய்த் துண்டு மாட்டியிருக்கிறார்களா? கயிற்றை இரட்டையாகப் போட்டிருக்கிறார்களா? அனுபவப்பட்டவர்கள்தான் அதெல்லாம் செய்வார்கள், அங்கே அதற்குத் தேவை இருக்கிறது. இதைக் காலையில் போய்ப் பார்க்காதீர்கள். காலையில் எந்த ஏரியும் அமைதிதான். விடுமுறை நாள் பிற்பகலில் போங்கள்: காற்றும் இருக்கும், கூட்டமும் இருக்கும், சரிவில் படகு இறக்க எத்தனை வண்டி காத்து நிற்கிறது என்பதும் தெரியும்.

துறைக்குள் திரும்பும் இடமும் முக்கியம். இரண்டு வரிசைப் படகுகளுக்கு நடுவே உள்ள வழி, படகு நீளத்தில் ஒன்றரை மடங்காவது வேண்டும். புதிதாக ஓட்டுபவருக்கு இன்னும் கூடுதலாக இருந்தால் நிம்மதி. வழக்கமான காற்று முன்பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இடம் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே நுழையும்போது காற்றே பிரேக் போட்டுக் கொடுக்கும். பின்னாலிருந்து தள்ளினால் ஒவ்வொரு முறையும் பதற்றம்தான்.

குழந்தைகள் வருவார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். துறையில் மின் இணைப்பு இருந்தால் அங்கே யாரையும் நீந்த விடாதீர்கள். நன்னீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, உப்புள்ள நம் உடம்பு நன்றாகவே கடத்தும். அதனால் ஏதோ ஒரு படகிலிருந்து மின்சாரம் தண்ணீரில் கசிந்தால், அது அங்கே நீந்துகிறவரின் உடம்பு வழியாகப் பாயும். தசைகள் இயங்காமல் போய், கூப்பிடக்கூட முடியாமல் மூழ்கிவிடுவார்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் கருவி இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். முகம் சுளிக்கிற துறை வேண்டாம்.

விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இடத்துக்கு இடம் மாறும். குடிநீர் ஏரிகளில் பெட்ரோல் மோட்டாருக்கே தடை இருக்கலாம். சிலவற்றில் குதிரைத்திறனுக்கு வரம்பு உண்டு. படகு வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கரையில் நிலம் வாங்கிச் சொந்தத் துறை கட்டும் எண்ணம் இருந்தால், நிலம் உங்களுடையது என்பதாலேயே தண்ணீரில் தூண் நட உரிமை வந்துவிடாது, அனுமதி தனி. வரிக்குதிரை மட்டி போன்ற அந்நிய உயிரினங்கள் பரவும் பகுதிகளில், வேறு ஏரியிலிருந்து வரும் படகைச் சோதித்த பிறகுதான் இறக்க விடுவார்கள். இரண்டு ஏரியில் மாறி மாறி ஓட்டலாம் என்று நினைத்தால், ஒவ்வொரு முறையும் கழுவி, தேங்கிய தண்ணீரை வடித்து, காயவைக்கும் வேலை இருக்கிறது.

சரி, வாடகை. முதலிலேயே வருட ஒப்பந்தம் போடாமல் ஒரு பருவத்துக்கு மட்டும் எடுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: நீர்மட்டம் இறங்கித் துறையை மூட நேர்ந்தால் பணம் திரும்ப வருமா, படகை யார் செலவில் வெளியே எடுப்பது? அந்த வரியே இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.