எஸ்இலினக்ஸ் கோப்பு லேபிள்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இணையதளக் கோப்புகளை என் ஹோம் அடைவில் தயாரித்து, எம்வி கட்டளையால் அப்பாச்சி இணையச் சேவையகத்தின் அடைவுக்கு நகர்த்தினேன். அனுமதி 644 (எல்லோரும் படிக்கலாம்) என்றே இருந்தும் 403 (அணுகல் மறுப்பு) பிழை வருகிறது. ஏன்?

பதில்: 644 என்பது லினக்ஸின் வழக்கமான அனுமதி, அது இசைந்த பிறகும் எஸ்இலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு, கோப்பில் ஒட்டிய லேபிளைப் பார்த்துத் தனியாகச் சரிபார்க்கும். ஒவ்வொரு கோப்பின் லேபிளிலும் பயனர், பங்கு, வகை, நிலை என நான்கு பகுதிகள் உண்டு; பெரும்பாலும் தீர்ப்புச் சொல்வது வகைதான். ஒரே கோப்பு முறைமைக்குள் எம்வி பெயரை மட்டுமே மாற்றுவதால் பழைய லேபிளும் கூடவே வந்துவிடுகிறது. நகலெடுக்கும் சிபி கட்டளையோ புதுக் கோப்பை உருவாக்குவதால் சேருமிடத்தின் லேபிள் கிடைக்கிறது. உங்கள் கோப்புகளில் இன்னும் யூசர்_ஹோம்_கன்டென்ட்_டி போன்ற வகையே இருக்கக்கூடும். 'எல்எஸ் -இசட்' (பெரிய எழுத்து இசட்) கொடுத்து லேபிளைப் பார்த்துவிட்டு, அந்த அடைவின்மீது, லேபிள்களை அந்த இடத்துக்கு உரியவையாக மாற்றும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டுங்கள்.

கேள்வி: தளத்தை வேறு அடைவில் வைத்து, சிஎச்கான் மூலம் வகையை மாற்றினேன். சில வாரங்கள் ஓடியது; முழு மறுலேபிளிடலுக்குப் பின் மீண்டும் பிழை.

பதில்: சிஎச்கான் கோப்பின்மீது மட்டுமே எழுதுகிறது, எந்தப் பாதைக்கு எந்த வகை என்ற பதிவேட்டுக்கு அது தெரியாது. மறுலேபிளிடல் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே நடப்பதால், உங்கள் மாற்றம் அழிந்தது. 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' மூலம் அடைவின் பாதையையும், அதன் உள்ளடக்கத்தைக் குறிக்கும் வடிவத்தையும், எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி வகையுடன் பதியுங்கள். வடிவத்தை மேற்கோள் குறிக்குள் எழுதாவிட்டால் ஷெல் அதிலுள்ள குறிகளைத் தன் போக்கில் பொருள்கொள்ளும். இந்தக் கட்டளை விதியை எழுதுவதோடு நின்றுவிடும், ஒரு கோப்பையும் தொடாது. அதன்பின் ரெஸ்டோர்கானையும் ஓட்டவேண்டும். நானும் இதை மறந்து ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: தளத்தில் படங்கள் பதிவேற்றும் அடைவுக்கு எந்த வகை?

பதில்: அந்த ஒரு அடைவுக்கு மட்டும், சேவையகம் எழுதவும் இடம்தரும் எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி. தளம் முழுவதற்கும் வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு சிரமத்துக்கு எஸ்இலினக்ஸையே முடக்கிவிட்டால் என்ன?

பதில்: முடக்கியிருக்கும் காலத்தில் உருவாகும் கோப்புகளுக்கு லேபிளே இராது, திரும்ப இயக்கும்போது ரூட் அடைவில் (/) 'ஆட்டோரீலேபிள்' என்னும், பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்பை வைத்து மறுதொடக்கம் செய்து, எல்லாவற்றையும் லேபிளிட வேண்டிவரும். சோதிக்கத்தான் வேண்டுமென்றால் பெர்மிஸிவ் நிலைக்கு மாற்றுங்கள்: தடுக்காது, ஆனால் எதைத் தடுத்திருக்கும் என்பதை ஆடிட் பதிவில் எழுதிவைக்கும்.