கடவுள் இல்லை என்பவளுக்கு இந்த ஊரில் யார் துணை?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கை அடுத்த ஒரு தோட்டத்துச் சிறுநகரில் வசிக்கிறேன். வயது 42. செம்பனை ஆலையில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. அப்பா காலமான பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கல்லூரியில் படித்த நாள்களிலேயே அது போய்விட்டது. நான் யாருடைய வழிபாட்டையும் தடுத்ததில்லை. யாருக்கும் தீங்கு நினைத்ததில்லை. ஆனாலும் இந்த ஊர் என்னை ஒதுக்கி வைத்துவிட்டது.

சென்ற ஆண்டு, எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் சேரும் நன்கொடையில் ஒரு பகுதியைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் டியூஷன் வகுப்புக்கு ஒதுக்கலாமே என்று கோயில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். பணிவாகத்தான் எழுதினேன். அதை ஆண்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் படித்துக் காட்டி, 'சாமி இல்லை என்கிறவளுக்குச் சாமி காசின் மேல் என்ன கண்?' என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்களாம். மறுவாரம் தோட்டத்துப் பெண்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலிருந்து என் எண்ணை நீக்கிவிட்டார்கள். அந்தக் குழுவுக்குப் பெண்களைத் திரட்டியதே நான்தான்.

அடுத்து வந்த திருவிழாவில் ரதம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கவில்லை. முன் வீட்டில் நின்றது, அடுத்த வீட்டில் நின்றது. எங்கள் வாசலில் மட்டும் டிராக்டர் ஓட்டியவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அம்மா தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். இத்தனைக்கும் தட்டு வைத்தவர் அம்மா, நான் அல்ல. என்னை அவமானப்படுத்துவதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா?

என் தாத்தா இதே வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்; திராவிடர் கழகத்துக்காரர். 1954இல் பெரியார் இரண்டாம் முறையாக மலாயாவுக்கு வந்தபோது பஸ் ஏறிப் போய் அவருடைய பேச்சைக் கேட்டவர். லயத்து வீட்டின் முன்சுவரில் பெரியார் படத்தை மாட்டியிருந்தார். பாட்டி மட்டும் அடுப்படியில் ஒரு மாரியம்மன் படத்தை வைத்து விளக்கேற்றிக்கொண்டிருந்தார். தாத்தா அதைக் கண்டும் காணாமல் விட்டது அவருடைய பலவீனம் என்றுதான் நினைக்கிறேன். எப்படியோ, அன்று ஒரு நாத்திகனுக்குத் தோட்டத்தில் மரியாதை இருந்தது, தோழர்கள் இருந்தார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்?

அம்மாவுக்கு இருதயச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து எனக்கு இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. அப்படி விழித்திருந்த ஓர் இரவில்தான் கோலாலம்பூரில் இருக்கும் கடவுள் மறுப்பாளர்களின் இணையக் குழு ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்ந்தேன். தொடக்கத்தில் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் பேசுவதெல்லாம் ஆங்கிலத்தில். வயதிலும் என்னைவிட மிக இளையவர்கள். தைப்பூசத்தன்று அலகு குத்திய ஒருவரின் படத்தைப் போட்டுக் கேலி செய்தார்கள். நானும் ஒரு சிரிப்புக் குறியைப் போட்டேன். நேரில் போய்ச் சந்திக்கலாம் என்றாலோ பயமாக இருக்கிறது. 2017இல் இப்படி ஒரு சந்திப்பின் படம் முகநூலில் பரவியதும் விசாரணை என்றார்கள். நாத்திகர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று அமைச்சர் ஒருவரே பேசினார். பள்ளிச் சபைகூடலில், நாட்டின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடாக 'இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்' என்று உறுதிமொழி எடுத்து வளர்ந்தவர்கள் நாம். அந்த முதல் வரியிலேயே என்னைப் போன்றவர்கள் வெளியே நின்றுவிடுகிறோம்.

இங்கே கோயிலோ எதையும் விட்டு வைப்பதில்லை. கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு என்று எல்லாமே கோயில் மண்டபத்தில்தான். சாவைக்கூட விடவில்லை, மரண சகாய நிதி என்று வீட்டுக்கு வீடு மாதம் ஐந்து வெள்ளி வசூலிக்கிறார்கள். அம்மாவிடமும் வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மருத்துவமனைச் சீட்டைத் தேடியபோது அவருடைய சேலைப் பெட்டியில் ரசீதுப் புத்தகம் தட்டுப்பட்டது. (அதற்கு முன்பு ஒருமுறை, தனக்குப் பதினாறாம் நாள் காரியத்தை யார் செய்வார்கள் என்று அம்மா கேட்டார். வேலையாக இருந்ததால் பிறகு பேசலாம் என்றேன். அது வேறு விஷயம்.) வயதானவர்களின் பயத்தைக் காசாக்கும் இந்தப் போக்கைத் தட்டிக் கேட்க ஆளில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஒரு பகுத்தறிவுச் சங்கம் தொடங்கலாம் என்றால், சங்கப் பதிவிலாகாவில் பதிய ஏழு பேராவது வேண்டும். என்னால் மூன்று பேருக்கு மேல் சேர்க்க முடியவில்லை. இந்த வட்டாரத்தில் என்னைப் போன்றவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அல்லது வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்கே போய்விடலாமா? ரதம்கூட நிற்காத தெருவில் நான் எதற்காக இருக்க வேண்டும்? நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, அம்மா.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

நம்பிக்கை இல்லாதிருப்பது நோயும் அன்று, குற்றமும் அன்று. அதற்குப் பரிகாரம் சொல்ல நான் வரவில்லை. ஒரு மூதாட்டி கற்பூரம் ஏற்றிக் காத்திருக்க, ரதத்தை நிறுத்தாமல் ஓட்டிச் சென்றவர்கள் செய்தது அற்பத்தனம். அதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் மற்றப் பலவற்றில் உங்கள் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் வைத்து, 'அது வேறு விஷயம்' என்று முத்திரையும் குத்தி ஒதுக்கிய இடத்தில்தான் உங்கள் கடிதம் இருக்கிறது. அங்கே நடந்ததை வரிசைப்படுத்திப் பாருங்கள். இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு தாய், தன் ஒரே மகளிடம், தனக்குப் பதினாறு யார் செய்வார்கள் என்று கேட்கிறார். பிறகு பேசலாம் என்கிறாள் மகள். அந்தப் பிறகு வரவே இல்லை. தாய் மறுபடி கேட்கவும் இல்லை. மகளுக்குத் தெரியாமல் மரண சகாய நிதியில் பெயரைப் பதிந்து, ரசீதைச் சேலைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். யாருடைய ரதம் தன் வாசலில் நிற்காமல் போனதோ, அவர்களிடமே மாதாமாதம் ஐந்து வெள்ளியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இதற்கு அவர் எவ்வளவு அவமானத்தை விழுங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? கோயில் அவருடைய பயத்தைக் காசாக்கியதாக எழுதுகிறீர்கள். அந்தப் பயத்தை அவர் முதலில் கொண்டு வந்தது உங்களிடம்தான்.

ரதம் நிற்காமல் போனதை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறையும் அது உங்களுக்கு நேர்ந்த அவமானமாகவே வருகிறது. தட்டை ஏந்தி நின்ற கை உங்களுடையதன்று. அன்று அவரை உள்ளே அழைத்துச் சென்றது யார், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் கொள்கைக்கு ஊர் விதித்த தண்டனையில் பாதியை அம்மா சுமக்கிறார், அதுவும் தான் ஏற்காத ஒரு கொள்கைக்காக.

இன்னொன்றையும் கவனித்தேன். கல்லூரிக் காலத்திலேயே நம்பிக்கை போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், எந்தச் சங்கத்தையும் தேடாமல், அதே ஊரில், அதே மனிதர்களோடு இருந்திருக்கிறீர்கள். பெண்களைத் திரட்டிக் குழுகூட நடத்தியிருக்கிறீர்கள். தேடல் தொடங்கியது அம்மா மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, தூக்கம் வராத ஓர் இரவில். கடவுள் இல்லாததால் வந்த தனிமையாக இருந்திருந்தால் அது எப்போதோ வந்திருக்கும். அம்மாவும் இல்லாமல் போனால் யார் என்ற கேள்விதான் உங்களை அந்த நேரத்தில் கைப்பேசியைத் திறக்க வைத்தது என்று நினைக்கிறேன். அவர் கேட்டதும் நீங்கள் கேட்பதும் ஒரே கேள்வி. அதனால்தான் அவர் கேட்டபோது உங்களுக்கு உடனே வேலை வந்துவிட்டது. ஏழு பேர் கையெழுத்திட்டுப் பதிவு பெறும் சங்கம் அதற்குப் பதிலாகாது.

தாத்தாவின் காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறீர்கள். அந்தக் காலத்துத் தோழமை எதைச் சுற்றி வளர்ந்தது என்று பாருங்கள். 1947இல் உங்கள் பீடோங் வட்டாரத்திலேயே, ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை என்று திரண்ட தொழிலாளர்கள், கூலியைக் கரைத்துக்கொண்டிருந்த கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடிப் போலீசாரிடம் அடி வாங்கினார்கள். அங்கே சேருவதற்குத் தகுதி, கள்ளுக்கு எதிராக நிற்பதுதான். சுயமரியாதைக்காரரும் சிங்கப்பூர்த் 'தமிழ் முரசு' ஆசிரியருமான கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியபோதும், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரிந்து கிடந்த தமிழர்களை ஒரே மேடையில் உட்கார வைப்பதுதான் நோக்கமாக இருந்தது. தாத்தாவுக்குக் கிடைத்த மரியாதையும், சக தொழிலாளிக்காக அவர் செய்ததை ஊர் பார்த்ததால் வந்ததாகத்தான் இருக்கும். படம் மாட்டியதற்காக மட்டும் தோட்டத்தில் யாரும் யாரையும் மதிப்பதில்லை.

அடுப்படியில் இருந்த மாரியம்மன் படத்தை அவர் விட்டுவைத்ததைப் பலவீனம் என்கிறீர்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முன்சுவர் அவருடையது, அடுப்படி பாட்டியுடையது என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளாரோடு நட்புப் பாராட்டிய பெரியாரின் தொண்டருக்கு அது தெரியாமல் இருக்குமா?

டியூஷன் யோசனை நல்ல யோசனை. ஆனால் அடுத்தவர் காணிக்கையை எப்படிச் செலவிடுவது என்று எழுதியதற்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு மாலை உங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்களே பிள்ளைகளை உட்கார வைத்திருந்தால், ஒலிபெருக்கியில் சிரிக்க அவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. கோலாலம்பூர்க் குழுவில் போட்ட சிரிப்புக் குறியைப் பற்றி நானாக எதுவும் சொல்லப் போவதில்லை. உறுத்தாவிட்டால் அதை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அந்தக் குழுவை விட வேண்டும் என்பதும் இல்லை. மனம் விட்டுப் பேச இரண்டு பேர் கிடைத்தால் நல்லதுதான். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 2017 விசாரணை, அந்தச் சந்திப்பில் முஸ்லிம்கள் இருந்தார்களா என்பதைப் பற்றியது. உங்களுக்கு ஊர் பேசாமல் போவதோடு முடிவது, அவர்களில் ஒருவருக்கு அதோடு முடியாது. ஆகவே யாருடைய படத்தையும் எங்கும் போடாதீர்கள்.

செயலில் இறங்க வேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கு ஓர் இடம் சொல்கிறேன். சாவு வீட்டில் பாடை கட்டவும் பந்தல் போடவும் ஆள் இருக்கும். விண்ணப்பப் பாரம் எழுதத்தான் ஆள் இருக்காது. இறப்பைத் தேசியப் பதிவிலாகாவில் பதிய வேண்டும், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் ஈமச்சடங்கு உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும், சேமநிதி வாரியத்தில் இறந்தவரின் பணத்தை வாரிசு எடுக்க வேண்டும், எல்லாம் மலாயில். எழுதத் தெரியாத ஒரு விதவை அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிராணியான உங்களுக்கு அது அரை மணி நேர வேலை. போய் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். தேவாரம் பாடும்போது நீங்கள் பாட வேண்டியதில்லை. இதற்குப் பிறகும் ஊர் பேசாமல் இருந்தால் கோலாலம்பூருக்குப் போவதைப் பற்றி மறுபடி எழுதுங்கள், பேசலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு அம்மாவிடம் உட்கார வேண்டும். ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள். எப்படி நடக்க வேண்டும் என்று விரும்புகிறார், யார் கொள்ளி வைக்க வேண்டும், எந்த மின்சுடலை, பதினாறில் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நீங்களே முன்னின்று செய்யலாம் என்பேன். அது அவருடைய சாவு. அவருடைய நம்பிக்கைப்படி நடக்கட்டும். உங்கள் உடலை என்ன செய்வது என்பதில் உங்கள் கொள்கை நிற்கட்டும். அதையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். வாய்க்கரிசி போட்ட கையால் பகுத்தறிவு கெட்டுவிடாது. இல்லை, மனச்சாட்சி இடம் கொடுக்காது, சடங்கு செய்ய என்னால் முடியாது என்று நீங்கள் உறுதியாக நினைத்தால், அதையும் மதிக்கிறேன். ஆனால் அதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாமல் இந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள். தாய்மாமன் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ள அவருக்கு அவகாசம் வேண்டும்.