அப்பாவுக்கு விப்பிள் ஆபரேஷன்: பக்கத்திலேயே செய்யலாமா?

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, அந்தப் பகுதியைச் சிறுகுடலின் தொடக்கத்தோடு சேர்த்து எடுக்கும் விப்பிள் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள், வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அங்கே வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறார்கள் என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

அமெரிக்க முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. கணைய அறுவை வருஷத்துக்கு ஒன்றுகூடத் தேறாத இடங்களில் இறப்பு 16.3 சதவீதம், 16-க்கு மேல் செய்த இடங்களில் 3.8. பழைய கணக்குதான், ஆனால் இடைவெளியைப் பாருங்கள்.

கத்தி பிடிக்கும் கை மட்டும் காரணமில்லை. மீதிக் கணையத்தைக் குடலோடு தைத்த இடம் கைதேர்ந்தவர்களுக்கும் கசியும். மூன்றாம் நாள், வயிற்றிலிருந்து வெளியே விட்ட டிரெயின் குழாயின் பையில் சேரும் நீரில் கணைய நொதியான அமைலேஸின் அளவைப் பார்ப்பது அதற்குத்தான். கசிவு பக்கத்து ரத்தக்குழாயை அரித்து, ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கொட்டினால், ரத்தக்குழாய் வழியாகவே போய் அடைக்க அங்கே ஆள் உண்டா? அதையும் கேளுங்கள்.

அப்புறம், அப்பாவுக்கு மஞ்சள்காமாலை இருக்கிறதா? அதற்காக எல்லோருக்கும் முன்கூட்டியே பித்தநாளத்தில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைக்க வேண்டியதில்லை, தொற்று வரலாம். பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சள்காமாலையைக் காட்டும் நிறமி) அளவையும் ஆபரேஷன் தேதியையும் போடுங்கள், டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன்.