மகளை டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு அனுப்பலாமா?

பி.காம். முடித்த பெண்ணுக்குத் தனியார் மருத்துவமனையின் டெலிபோன் போர்டில் (வரும் அழைப்புகளை உள்ளே உரிய பிரிவுக்கு இணைக்கும் கருவி) வேலை வந்திருக்கிறது, 'பட்டன் அமுக்க இவ்வளவு படிப்பா' என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் அனுப்புங்கள். பட்டனை ஒரு நாளில் கற்றுவிடலாம். யாரை, எங்கே, எதற்காக இணைக்கிறோம் என்பதுதான் வேலை. அதை அவள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகட்டும்.

முதல் வாரத்திலேயே அவசர சிகிச்சைப் பிரிவு, ஐசியு, லேப், பார்மசி, பில்லிங் ஆகியவற்றின் எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு) எண்கள் மனப்பாடமாக வேண்டும். பட்டியலைப் புரட்டுவதற்குள் மறுமுனையில் இருப்பவர் பதறிவிடுவார். மூன்றாவது மணிக்குள் எடுத்து, மருத்துவமனை பெயர், வணக்கம். பிறகு யார், என்ன விஷயம். அழைப்பவர் எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது, லைன் துண்டித்தால் திரும்பக் கூப்பிடலாம்.

புதியவர்கள் சறுக்குவது டிரான்ஸ்ஃபரில்தான். எண்ணை அழுத்தியதும் ரிசீவரை வைத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் ஆள் இல்லையென்றால், போர்டில் நிர்ணயித்த நேரம் (பல இடங்களில் 30 விநாடி சுமார்) மணி அடித்துவிட்டு அழைப்பு ஆபரேட்டர் முன்னிருக்கும் கன்சோலுக்கே திரும்பும். அந்த வசதி அமைக்கப்படாத போர்டானால் அப்படியே அறுந்துபோகும். திரும்பி வந்த அழைப்பைப் புது அழைப்பென்று நினைத்து மறுபடி 'வணக்கம்' சொன்னால், மறுமுனைக்காரருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? எங்கிருந்து திரும்பியது என்று திரையைப் பார்த்துவிட்டு, "லேப்ல யாரும் எடுக்கல சார், இன்னொரு எண்ணுக்குப் போடட்டுமா?" என்று கேட்க வேண்டும். எதிர்ப்பக்கம் எடுத்ததும், யார் பேசுகிறார் என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தான் விலகுவதே சரியான முறை. ஹோல்டில் போட்டால், அரை நிமிடத்துக்கு ஒருமுறை தலைகாட்ட வேண்டும்.

ஒரே நேரத்தில் நான்கு லைன் மின்னினால் ஒவ்வொன்றையும் எடுத்து, அவசரமா என்று மட்டும் கேட்டு வரிசைப்படுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் அழைப்பு முதலில், அப்பாயின்ட்மென்ட் காத்திருக்கும். வார்டிலிருந்து கோட் புளூ (நோயாளியின் இதயமோ மூச்சோ நின்றால் மருத்துவக் குழுவை அழைக்கும் அவசரக் குறிச்சொல்) வந்தால் பிளாக், மாடி, வார்டு மூன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்த பிறகே அறிவிப்பு. தவறான மாடிக்கு ஓடும் குழு இழப்பது நிமிடங்களை.

நோயாளியின் நிலைமை, டாக்டரின் சொந்த செல் எண் இரண்டும் யார் கேட்டாலும் தரக்கூடாது. 'டெலிபோன் கம்பெனியிலிருந்து டெஸ்டிங், வெளி லைன் கொடுங்க' என்பவருக்கும் இல்லை. கொடுத்தால் அவர் அந்த லைனில் பேசும் அழைப்பின் பில் மருத்துவமனை தலையில் விழும். இரவு மோடு (இரவில் வெளி அழைப்புகளைத் தானாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் திருப்பும் அமைப்பு) போட்டால் காலையில் எடுக்க மறக்கக்கூடாது. மறந்தால் பகல் அழைப்பெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவில் போய்க் குவியும்.

ஐவிஆர் ('இதற்கு ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லும் தானியங்கிக் குரல்) வந்தபின் சாதாரண ஆபீஸ்களில் இந்த வேலை சுருங்கிவிட்டது என்பது உண்மை. ஆகவே இன்டர்வியூவிலேயே பில்லிங், வரவேற்பு மேசைப் பயிற்சியும் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட்டுக்கு வண்டி விடுகிறார்களா, ஹெட்செட் ஆளுக்கொன்றா என்பதையும் விடவேண்டாம்.