கேளுங்கள் சொல்கிறோம்: மரக் கம்பத்துக்கு வைத்தியம்

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுத் தெருவில் மின்கம்பங்கள் எல்லாம் மரம்தான். ஆட்கள் வந்து சுத்தியலால் தட்டினார்கள், அடியில் தோண்டி எதையோ பூசினார்கள், ஒரு தகடு அடித்துவிட்டுப் போனார்கள். என்ன வேலை அது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மேலே ஈரம் போதாது, ஆழத்தில் காற்று போதாது. இரண்டும் கிடைப்பது தரைமட்டத்தை ஒட்டிய ஒன்றரை அடியில். அதனால்தான் சுற்றிலும் 45 செ.மீ. தோண்டுகிறார்கள்.

தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே பொக்கை. மண்ணுக்குள் இருக்கும் கேட்டைச் சுத்தியல் காட்டாது. ஆகவே 45 டிகிரி சாய்வில் துளையிட்டு, கொக்கிக் கம்பி விட்டு, நல்ல மரம் எவ்வளவு தடிமன் என்று அளப்பார்கள்.

பொக்கையைவிட வெளிப்புறச் சிதைவுதான் ஆபத்து. 30 செ.மீ. விட்டமுள்ள கம்பத்தின் நடுவில் 15 செ.மீ. பொந்து விழுந்தாலும் வளைவைத் தாங்கும் பலத்தில் பதினாறில் ஒரு பங்குதான் குறையும். அதே கம்பத்தில் சுற்றிலும் வெறும் 2 செ.மீ. இற்றுப்போனால் 35 சதவீதம் போய்விடும். நிறுவும்போது தேவைப்பட்ட பலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டும், இல்லையேல் இரும்புத் துணைக்கால் கட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி.

பூசியது பெரும்பாலும் செம்பும் போரானும் கலந்த களிம்பாக இருக்கும். இற்றதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். சோம்பல்பட்டு மேலேயே தடவினால் மருந்து நல்ல மரத்தை எட்டாது. பூசியபின் ஈரம் புகாத உறை சுற்றி, மண்ணைக் கெட்டித்து மூடுவார்கள். துளைகளில் போரான் குச்சியோ ஆவியாகிப் பரவும் மருந்தோ போட்டு அடைப்பான் அடிப்பார்கள். துளை வெடிப்பில் போய் முட்டினால் ஆவி வெளியேறிவிடும், மருந்து வீண். தகட்டில் இருப்பது சோதித்த ஆண்டு. அடுத்த முறை சுமார் 10 ஆண்டு கழித்து.

கேள்வி: எங்கள் சவுக்கு வேலிக்கால்கள் மண்ணோடு ஒடிகின்றன. அடியில் சிமென்ட் போடலாமா? (வாசகர், பண்ருட்டி)

பதில்: போடலாம், ஆனால் தரைக்குச் சமமாகப் போட்டால் கிண்ணம் மாதிரி நீர் தேங்கி இன்னும் சீக்கிரம் இற்றுவிடும். சிமென்டைத் தரைக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி, வெளிப்பக்கம் சரித்துவிடுங்கள். போரான் மருந்துதானே என்று வெண்காரக் (போராக்ஸ்) கரைசலில் மட்டும் ஊறவைத்து நட்டால், அந்த மருந்து மண் ஈரத்திலேயே கரைந்து போய்விடும்.